பாவையின் காலடி



நாம் வாழும் மைசூரு நகரத்திற்கும் வானொலிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1935ஆம் ஆண்டில், இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி என்பார் தம் இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். அந்நிலையத்திற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதும் பரந்த வானொலிக்கும் உரியதாயிற்று. வானொலியில் குரல் உண்டு, உருவம் இல்லை. அத்தகைய வானொலியின் வாயிலாக, உருவமும் அசைவுமே உயிராகக் கொண்ட ஒரு பொருளைப் பற்றி இன்று பேச முற்படுகிறோம். கணினி விளையாட்டில் ஒரு பாவை எவ்வாறு நடக்கிறது என்பதே அப்பொருள்.

சிறுவர் பொழுதுபோக்கிற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணலாம். சென்ற ஆண்டு நவராத்திரி வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறிய வரலாற்றையும் சேர்த்தே கூறுகிறோம்.

நம் சொந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர். மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி ஏற்று மைசூருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இங்கே தசராக் காலத்தில் நம் வீட்டில் கொலு வைப்பதுபோலவே அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரும் பொம்மை விழாக் கொண்டாடுகின்றனர். நாம் மரப்பாச்சி என்று முதற்படியில் நிறுத்தும் இணைப் பொம்மைகளை அவர்கள் 'பட்டத கொம்பெ' என்று வழங்குகின்றனர். பெயர் வேறு, பொம்மை ஒன்றே.

சென்ற நவராத்திரியில் ஒருநாள் இரவு, அனைவரும் உறங்கிய பின்னர், கூடத்தில் ஒளி தெரிந்தது. எழுந்து சென்று பார்த்தோம். பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் மகள் கணினியின் முன் அமர்ந்திருந்தாள். தேர்வு முடியும் வரையில் அதைத் தொடலாகாது என்று நாம் ஆணையிட்டு ஒரு திங்கள் கடந்திருந்தது. திரையில் ஒன்பது கொலுப் படிகள். அவற்றின் மீது ஒரு மரப்பாச்சிப் பெண். இரவில் வீட்டார் உறங்கியதும் மரப்பாச்சி உயிர்பெற்றுப் படிப்படியாகக் கீழே இறங்கித் தன் இணையைத் தேடிச் செல்கிறாள். இதுதான் அவள் இயற்றிக்கொண்டிருந்த விளையாட்டு.

கடிந்துரைக்கவே வாயெடுத்தோம். ஆயினும் அப்பாவை நடந்த நடை கண்ணை உறுத்தியது. "இதென்ன, அம்மா? இவள் நடக்கவில்லையே! எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்கிக்கொண்டு போகிறாளே!" என்றோம்.

அவள் திரும்பினாள். அஞ்சுவாள் என்று எதிர்பார்த்தோம், அவளோ, "அதேதான், அப்பா! மூன்று நாளாக அதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறேன். ஏன் என்றுதான் விளங்கவில்லை" என்றாள்.

அந்த 'ஏன்' நம்மையும் பற்றிக்கொண்டது. அவ்விரவும் பின்வந்த இரவுகளும் அவளிடம் நாம் கற்றவற்றை இனிக் கூறுவோம்.

சதுரங்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். இந்நகரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், 1794 முதல் 1868 வரை வாழ்ந்தவர், பலகை ஆட்டங்களில் பெரும் ஈடுபாடு உடையவர். சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒருமுறைக்கு மேல் மிதியாமல் சுற்றிவரும் வழிகளை ஆராய்ந்து மகிழ்ந்தவர். அந்தக் குதிரைக்கு விதி மட்டுமே உண்டு. இரண்டு கட்டம் நேரே, ஒரு கட்டம் பக்கவாட்டில் என்பது அவ்விதி. அது காலைத் தூக்குவதில்லை. நாம் அதனைக் கேட்பதும் இல்லை. எடுத்து வைத்தால் போதும்.

கணினி விளையாட்டில் வரும் குதிரைக்கோ இரண்டும் வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர வேண்டும். பெயரும்போது கால்களும் பாய வேண்டும். பெயர்ச்சி என்பது எண்களால் ஆகிய கட்டளை. பாய்ச்சல் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களின் வரிசை. இவ்விரண்டையும் கணினி தனித்தனியே நடத்துகிறது. ஒன்று மற்றொன்றை அறியாது. அறிவிக்க வேண்டிய கடமை விளையாட்டை இயற்றுவோருடையது. இங்கேதான் தொல்லை யாவும் பிறக்கின்றன.

முதலில் பெயர்ச்சியைக் காண்போம். திரையில் ஒரு நொடிக்கு அறுபது முறை படம் புதிதாக வரையப்படுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் கணினி, விசை அழுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்கிறது. அழுத்தியிருந்தால் பாவையின் இடத்தை மாற்றுகிறது. நம் மகள் முதலில் எழுதிய கட்டளை, ஒவ்வொரு வரைவுக்கும் ஐந்து சென்டிமீட்டர் நகர்த்து என்பது. அறுபது வரைவுக்கு 300 சென்டிமீட்டர், அஃதாவது நொடிக்கு 3 மீட்டர். கணக்குச் சரியே. ஆனால் அவள் தோழியின் வீட்டில் உள்ள பழைய கணினி நொடிக்கு முப்பது முறைதான் வரையவல்லது. அங்கே அதே பாவை ஒன்றரை மீட்டர்தான் சென்றது. ஒரே கட்டளை, ஒரு வீட்டில் ஓடுகிறாள், மற்றொரு வீட்டில் ஊர்கிறாள்.

இதற்கு மாற்று யாது? எத்தனை முறை வரைந்தோம் என்று எண்ணாமல், சென்ற வரைவுக்கும் இந்த வரைவுக்கும் இடையே கழிந்த காலத்தை அளந்து, அதனால் வேகத்தைப் பெருக்குவதே மாற்று. அவ்வாறு செய்தால் எந்தக் கணினியிலும் நொடிக்கு 3 மீட்டர் மாறாது. பள்ளியில் நாம் படித்த 'தூரம் என்பது வேகமும் காலமும் பெருக்கிய தொகை' என்னும் பாடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மரப்பாச்சியின் காலடியில் நமக்கு மீண்டும் விளங்கிற்று.

அடுத்துப் படங்களின் வரிசையைக் காண்போம். உயிருள்ளவை ஓடும்போது கால்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை மனிதக் கண் நெடுங்காலம் தெளிவாக அறியவில்லை. 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையை வரிசையாக நிறுத்திய புகைப்படக் கருவிகளால் படம் பிடித்தார். நான்கு குளம்புகளும் ஒருசேர நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பதை அப்படங்கள் காட்டின. அதுவரை ஓவியர் பலர் முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னுமாக நீட்டியே வரைந்துவந்தனர். அசைவைப் படமாக்குவோர்க்கு அவர் பணி இன்றும் ஆசானாக நிற்கிறது.

நம் மகளின் மரப்பாச்சிக்கு நடை என்பது இரண்டு காலடிகள் கொண்ட ஒரு சுற்று. அதை மனித அளவில் எண்ணிப் பார்ப்போம். ஒரு காலடி 60 சென்டிமீட்டர். ஒரு சுற்று முடிய ஒரு நொடி. ஆகவே கால்கள் காட்டும் நடை நொடிக்கு 1.2 மீட்டர். ஆனால் கட்டளை உடலை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்கிறது. மிகுதியாகிய 1.8 மீட்டருக்குக் காலில் கணக்கில்லை. அந்தக் கணக்கில்லாத தொலைவே வழுக்கலாக நம் கண்ணில் பட்டது. மூன்று நாள் விளங்காதிருந்த 'ஏன்' இதுதான்.

இதைத் தீர்க்க வழிகள் சில உண்டு. படங்களை விரைவாக ஓட்டலாம். மூன்றை 1.2ஆல் வகுத்தால் 2.5, இரண்டரை மடங்கு விரைவில் ஓட்டினால் கால் தரையில் ஊன்றும். ஆயினும் அந்நடை பழைய ஊமைப் படங்களில் வரும் நடையைப் போல் நகைப்பூட்டும். ஆகவே ஓட்டத்திற்கெனத் தனிப் படவரிசை வரைந்து, வேகம் மிகுதியாக ஆக நடையிலிருந்து ஓட்டத்திற்குச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவதே தக்கது. முப்பரிமாண விளையாட்டுகளில் இதற்கு நேர்மாறான வழியையும் கையாளுகின்றனர். படத்தில் உள்ள காலடியின் நீளத்தைக் கொண்டே உடலை நகர்த்துகின்றனர். அங்கே கட்டளை படத்தைப் பின்தொடர்கிறது.

நம் முன்னோரின் பொம்மலாட்டத்தில் இத்தொல்லைக்கு அழகியதொரு விடை இருந்தது. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவைகள் கயிறும் கோலும் ஆகிய இரண்டாலும் இயங்குவன. சில பாவைகள் நாலரை அடி உயரமும் ஏறத்தாழப் பத்துக் கிலோ எடையும் உடையன. அவற்றின் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அவ்வளையத்தை ஆட்டுவிப்போர் முடிபோலத் தம் தலையில் அணிந்துகொள்வார். அவர் தலை சாய்ந்தால் பாவை சாயும். அவர் நடந்தால் பாவை நடக்கும். பாவையின் கைகளையோ அவர் தம் கைகளில் பிடித்த கோல்களால் அசைப்பார். உடலின் பெயர்ச்சி தலையில். உறுப்பின் அசைவு கையில். இரண்டும் ஒரே மனிதரின் உடம்பில் சேர்ந்திருந்தமையால் ஒன்றையொன்று பிரியவில்லை. கணினியில் அந்த உடம்பு இல்லை. ஆதலின் அந்த ஒற்றுமையை எழுதித்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில், நாண் இல்லாதவரின் இயக்கத்தை, நாணாகிய கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையின் இயக்கத்தோடு ஒப்பிட்டார். நாண் என்ற ஒரு சொல்லில் வெட்கத்தையும் கயிற்றையும் அவர் காட்டிய திறத்தை இம்மரப்பாச்சி நமக்கு நினைவூட்டினாள்.

வழுக்கல் தீர்ந்தது. ஆனால் மறுநாள் மற்றொரு குறை தோன்றிற்று. மூன்றாம் படியில் ஒரு குத்துவிளக்கு வழியை மறித்து நின்றது. பாவை அதன்மேல் முட்டி நின்றுவிட்டாள். ஆயினும் கால்கள் மட்டும் ஓயாது நடந்துகொண்டேயிருந்தன. செக்குமாடாவது சுற்றி வரும். இவள் நின்ற இடத்திலேயே நடந்தாள்.

இதன் காரணத்தை அறிய, பாவையின் 'நிலைகள்' என்பவற்றைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். நிற்றல், நடத்தல், ஓடுதல், தாவி எழுதல், விழுதல், தரையில் ஊன்றுதல் என்று பாவைக்குச் சில நிலைகளை வகுக்கின்றனர். ஒரு நேரத்தில் ஒரு நிலைதான் உண்டு. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது செல்லலாம் என்பதை விதிகளாக எழுதுகின்றனர். நின்றவள் தாவலாம், விழுந்துகொண்டிருப்பவள் மீண்டும் தாவலாகாது, தரையைத் தொட்டால்தான் ஊன்றும் படம் வரவேண்டும். இவ்விதிகளை எழுதாவிடில் பாவை காற்றில் நடப்பாள். அல்லது நின்றுகொண்டே விழுவாள். இலக்கணத்தில் எச்சமும் முற்றும் தத்தம் இடத்தில் நிற்பதுபோல, இங்கே நிலைகள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும்.

நம் மகள் எழுதியிருந்த விதி, 'நடக்கும் விசை அழுத்தப்பட்டிருந்தால் நடக்கும் படத்தைக் காட்டு' என்பது. அதனால் விளக்கின் முன்னும் விசை அழுந்தியிருந்த வரையில் கால்கள் நடந்தன. அவள் அவ்விதியை மாற்றினாள். 'பாவை உண்மையில் நகர்ந்தால் நடக்கும் படத்தைக் காட்டு. நகராவிடில் நிற்கும் படத்தைக் காட்டு' என்று எழுதினாள். கால்கள் ஓய்ந்தன. "அப்பா, விசையைக் கேட்கக் கூடாது, வேகத்தைத்தான் கேட்க வேண்டும். விசை நாம் விரும்புவது, வேகம் உண்மையில் நடப்பது" என்றாள்.

அன்பர்களே, இச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இக்கலையில் வல்லோரும் எளிதில் முடிவு செய்ய இயலாத கேள்வி ஒன்று உண்டு. அழகு முந்துவதா, ஏவல் முந்துவதா என்பதே அது. ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் 1985ஆம் ஆண்டில் தம் தம்பியை ஓடச் செய்தும் தாவச் செய்தும் படம் பிடித்தார். அப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து 1989இல் 'பாரசீக இளவரசன்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். அவ்விளவரசன் உண்மையான மனிதனைப் போலவே ஓடினான். ஆனால் தொடங்கிய அசைவு நிறைவேறும் வரையில் ஆடுவோர் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1985இல் ஜப்பானிய நிந்தெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டிலோ, மாரியோவின் உருவம் ஒருசில கட்டங்களால் ஆகிய எளிய சித்திரம். ஆனால் விசையைத் தொட்டதும் தாவினான். ஒன்று கண்ணுக்கு உண்மை. மற்றொன்று கைக்கு உண்மை. இரண்டும் உலகப்புகழ் பெற்றன.

இதிலும் ஒரு நயம் உண்டு. பாவை படியின் விளிம்பைக் கடந்து விழத் தொடங்கிய பின்னர், நொடியின் சிறு பகுதி வரையில் தாவும் விசையை ஏற்றுக்கொள்ளுமாறு பலர் கட்டளை எழுதுகின்றனர். ஆடுவோர் உரிய காலத்தில்தான் அழுத்தினோம் என்று நம்புவர். கணினியோ பிந்திவிட்டது என்று சொல்லும். அந்நேரத்தில் கணினி விட்டுக்கொடுக்கிறது. கண்டிப்பான விதிகளுக்கு நடுவே இவ்வாறு ஒரு பொறுமைக்கு இடம் வைத்திருப்பது, பிள்ளைகளை வளர்ப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி முன்னர்ச் சொல்லாது நிறுத்திய செய்திக்கு வருவோம். நம் மகள் பொறியியல் படிக்க வேண்டும் என்று நாம் முடிவுசெய்திருந்தோம். அவளைக் கேட்டு முடிவுசெய்ததன்று. ஊரை விட்டு வந்து, அயல்மொழி வழங்கும் இடத்தில் வாடகை வீட்டில் வாழும் குடும்பத்திற்கு உறுதியான ஊதியம் ஒன்றே துணை என்னும் அச்சம் செய்த முடிவு அது. உறவினரிடத்தும் அலுவலக நண்பரிடத்தும் "மகள் பொறியியலுக்கு ஆயத்தமாகிறாள்" என்று ஓராண்டாகச் சொல்லிவந்தோம். அவளோ பயிற்சி நூல்களின் முன்னே அமர்ந்திருந்தாள், பக்கம் திரும்பவில்லை. நாம் விசையை அழுத்திக்கொண்டிருந்தோம். ஆகவே அவள் நடக்கிறாள் என்றே கண்டோம். அவள் குத்துவிளக்கில் முட்டி நின்றதை நாம் காணவில்லை. அவள் நகர்ந்துகொண்டிருந்தது வேறு திசையில், வேறு நேரத்தில், நாம் உறங்கிய பின்னர்.

அவள் முயற்சி வெறும் விளையாட்டன்று என்பதை இப்போது நன்கு அறிவோம். அதில் கணக்கு உண்டு, இயற்பியல் உண்டு, ஓவியம் உண்டு, மனித உடம்பைக் கூர்ந்து நோக்கும் பொறுமை உண்டு. ஒரு நடைக்காக அவள் தன் தாயைக் கூடத்தில் பதினாறு முறை நடக்கச் செய்து பார்த்து வரைந்தாள்.

இத்துறையில் தொழில்வாய்ப்பு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கர்நாடக அரசு 2012ஆம் ஆண்டிலேயே அசைபடம், காட்சி விளைவு, கணினி விளையாட்டு ஆகியவற்றிற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2022ஆம் ஆண்டு மைய அரசின் வரவுசெலவுத் திட்ட உரையில் இத்துறைகளுக்கெனப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. 2014இல் தமிழில் வெளிவந்த 'கோச்சடையான்' திரைப்படத்தில் நடிகரின் உடலசைவுகளைக் கருவிகளால் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றினர். 2020இல் புனே நகரத்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டில் ஒரு சிறுமி பண்டைய பாரதத்தில் தன் தம்பியைத் தேடிச் செல்கிறாள். கதைப்பகுதிகள் நிழற்பாவைக் கூத்தின் முறையில் அமைந்துள்ளன. ஆயினும் உண்மையை மறைத்தலும் தகாது. இத்தொழிலில் வேலை நிலையற்றது என்றும், நேரங்காலம் பாராது உழைக்க வேண்டும் என்றும் அத்துறையில் உள்ள அன்பர் ஒருவர் நம்மிடம் கூறினார். அந்த அச்சம் நமக்கு இன்னும் முற்றும் நீங்கவில்லை. அதனை மகளிடமும் மறைக்கவில்லை.

முடிவாக ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். தேர்வு வரையில் கணினி நாள்தோறும் ஒரு மணி நேரம், இரவில் ஒளித்தன்று, கூடத்தில் எல்லோரும் காண. மேற்படிப்பிற்குப் பொறியியலுக்கும் விண்ணப்பம், வடிவமைப்புக் கல்விக்கும் விண்ணப்பம். எதில் சேர்வது என்பதை அவளே முடிவுசெய்வாள். நாம் கேள்வி கேட்கலாம், விசையை அழுத்தலாகாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியிலும், தெருவில் ஒரு மொழியிலும், பள்ளியில் ஒரு மொழியிலும் நடக்கின்றனர். ஊரில் நாம் நடந்த நடையை அவர்களிடம் எதிர்பார்த்து, அது காணாவிடத்து அவர்கள் வழுக்குகின்றனர் என்று வருந்துகிறோம். கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், இன்றும் தோற்பாவைகள் கம்பனின் தமிழ்ப் பாடல்களுக்கு ஆடுகின்றன. சுற்றிலும் மலையாளம் வழங்க, அங்கே தமிழ் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஆட்டுவிப்போர் அதனை விரும்பித் தம் கையில் எடுத்துக்கொண்டதே என்று நாம் கருதுகிறோம்.

நம் மகளின் விளையாட்டில் மரப்பாச்சி தன் இணையைக் காணும் இடத்தில் பேசும் சொற்களைத் தமிழில் எழுதித் தருமாறு நம்மைக் கேட்டாள். கன்னடத்திலும் அது வரவேண்டுமாம். அதனை அண்டை வீட்டு அம்மையாரிடம் கேட்டுவாங்கினாள். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளை மொழிபெயர்த்த கை, அந்த இரண்டு வரிகளை எழுத ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டது. எழுதிக் கொடுத்தோம். அவள் படித்துப் பார்த்து, "இவள் இவ்வளவு இலக்கணமாகப் பேசமாட்டாள், அப்பா" என்று திருப்பிக் கொடுத்தாள். மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.